கறுப்பின் மேல் கறுப்பு

தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்க்கிறார். பிறகு எழுந்து மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்க்கிறார். "ம்ஹூம். இன்னும் கொஞ்சம் வெளுக்கணும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஓர் எண்ணை அழித்துவிட்டு வேறோர் எண்ணைத் தட்டுகிறார். திரையில் இருக்கிற நீலம் ஒரு துளி மங்குகிறது. பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு எது மாறியது என்றே தெரியாது. அவருக்கு மட்டும் முகம் மலர்கிறது. "இப்ப பாருங்க, கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு!"

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. பட்டறையில் எல்லோருக்கும் அவர் பெயிண்டர்.

அது மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அறுத்துக் கொடுக்கிற பட்டறை. நகரத்துக் கண்ணாடிக் கடைகள் ஆர்டர்களை ஃபைலாக அனுப்பும். வலக் கண்ணுக்கு என்ன பவர், இடக் கண்ணுக்கு என்ன பவர், எந்த ஃப்ரேம், எல்லாம் அதில் இருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு லென்ஸைத் தேய்க்கும். வெள்ளைச் சேறு ஓடும். இந்தப் பக்கம் பெயிண்டர் அந்த ஃபைல்களைச் சரிபார்த்து மெஷினுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.

அவருடைய கம்ப்யூட்டரில் படம் கிடம் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரை, அதில் எழுத்துகள், அவ்வளவுதான். எல், எஸ் என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் ஃபோல்டரில் இருக்கிற ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். எந்த வகை ஃபைலுக்கு எந்த நிறம் என்பதை ஒரு சின்ன செட்டிங் ஃபைலில் எழுதி வைக்கலாம். வகைக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் எண். முப்பத்தொன்று என்றால் சிவப்பு. முப்பத்திரண்டு பச்சை. மற்றவர்கள் கம்ப்யூட்டரோடு வந்த நிறங்களை அப்படியே வைத்துக்கொண்டு பிழைப்பைப் பார்ப்பார்கள். இவரால் முடியாது. புதிதாக வந்த ஆர்டர் வெள்ளை. மெஷினில் ஓடுவது மஞ்சள். முடிந்து பெட்டிக்குள் போனது பச்சை. வெயில் கண்ணாடி என்றால் நீலம், அதுவும் அவர் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வெளுக்க வைத்த நீலம்.

ஆனால் ஆளைப் பார்த்தால் சாம்பல் நிறச் சட்டை. நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான். ஒரே துணியில் மொத்தமாகத் தைத்து வைத்திருக்கிறார். வீட்டுச் சுவரும் பூசிய சிமென்டோடு அப்படியே நிற்கிறது. எந்த நிறம் அடிக்கலாம் என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். "ஊருக்கெல்லாம் பெயிண்டராம். வீட்டுக்கு ஒரு கலர் சொல்லத் துப்பில்ல" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு. பெயிண்டர் சிரித்துக்கொள்வார். "சுவத்துல அடிச்சா அடிச்சதுதான். திரையில பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்."

அவருடைய செட்டிங் ஃபைல் பட்டறையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறியிருக்கிறது. யாராவது புதிதாகச் சேர்ந்தால் தேநீர் வருவதற்கு முன்பே அவர் வந்துவிடுவார். "நகருங்க, ஒரே நிமிஷம்." தட்டுவார். நிறங்கள் வரும். புது வீட்டில் விளக்குப் போட்டுக் காட்டுகிறவர் மாதிரி ஒதுங்கி நிற்பார். பாராட்டுகிறவரை நகரமாட்டார்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த பெயிண்டர். அந்த செட்டிங் ஃபைலில் யாரும் படிக்காத ஒரு வரி இருந்தது.

தப்பாக அறுபட்ட லென்ஸ்கள் கடைகளிலிருந்து திரும்பி வரும். அந்த ஆர்டர் ஃபைலின் பெயருக்குப் பின்னால் 'ரீடூ' என்று சேர்த்து வைப்பார்கள். மறுபடி செய்ய வேண்டியது என்று அர்த்தம். தொடக்கத்தில் பெயிண்டர் அதற்குச் சிவப்புதான் கொடுத்திருந்தார். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் பச்சை வரிசைகளுக்கு நடுவே அந்தச் சிவப்பு மட்டும் முறைக்கும். மெஷின்காரர் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன பெயிண்டரே, உங்க தோட்டத்துல இன்னிக்கு மிளகாய் நல்ல விளைச்சல் போல?" என்று கேட்பார். கேலிதான். ஆனால் அந்த மிளகாய்களில் பாதிக்கு மேல் பெயிண்டர் போட்டவை. மெஷின் தப்பு செய்வதில்லை, கொடுத்ததை அறுக்கும். கொடுத்தவர் இவர். எண்ணை மாற்றித் தட்டுவார். கழித்தல் குறியை விட்டுவிடுவார். நீலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே ஒருவருடைய கண்ணைத் தப்பாகத் தட்டிவிடுவார்.

சிவப்பைக் கொஞ்சம் குறைத்து செங்கல் நிறமாக்கினார். "ரொம்பக் குத்துதுய்யா" என்று காரணமும் சொல்லிக்கொண்டார். பிறகு செங்கல் காவியானது. காவி சாம்பலானது. ஒரு நாள் கடைக்காரர் ஒருவர் ஃபோனில் கன்னாபின்னாவென்று திட்டினார். ஃபோனை வைத்த கையோடு பெயிண்டர் அந்த வரியைத் திறந்து முப்பது என்று தட்டி, மற்றக் கம்ப்யூட்டர்களிலும் ஏற்றினார். முப்பது என்றால் கறுப்பு.

கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து. ஃபைல் எங்கும் போய்விடவில்லை, இருந்த இடத்திலேயேதான் இருந்தது. பெயர்தான் கண்ணுக்குத் தெரியாது. பச்சை வரிசைக்கு நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி, அவ்வளவுதான். 'எனக்குத் தெரியுமே, எது எங்கே இருக்குன்னு' என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையாகவே முதலில் சில வாரங்கள், மெஷின்காரர் சாப்பிடப் போகிற நேரத்தில், ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அறுத்து அனுப்பினார். கண்ணில் படாத வேலை கொஞ்சம் கொஞ்சமாக மனசிலும் படாமல் போயிற்று. கடைகள் கேட்டால், "லைன்ல இருக்கு, வந்துடும்" என்பார். திரையைப் பார்ப்பார். ஒரே பச்சை. அவருக்கே அது உண்மை மாதிரி இருக்கும்.

அந்த நிலையில்தான் அக்கா வேலைக்கு வந்தார்; பட்டறையில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு கண்ணாடிக் கடையில் பல வருஷம் கவுன்ட்டரில் இருந்தவர். கடை மூடியதும் இங்கே வந்தார். பெயிண்டரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கறுப்புத் திரையைப் பார்த்து முதல் நாள் பயந்தே போனார். "தம்பி, இதுல ஒரு எழுத்து தப்பா அடிச்சா வெடிச்சிடாதே?" என்றார். "வெடிக்காதுக்கா. நகருங்க, ஒரே நிமிஷம்" என்று பெயிண்டர் உட்கார்ந்து தன் செட்டிங் ஃபைலை ஏற்றினார். நிறங்கள் வந்தன. "அட, தையல்காரி நூல் பெட்டி மாதிரி இருக்கே!" என்றார் அக்கா. பெயிண்டரை இதுவரைக்கும் யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். தான் ஏற்றிக் கொடுத்ததில் அந்தக் கறுப்பு வரியும் சேர்ந்து போயிற்று என்பது அவர் நினைவுக்கே வரவில்லை.

முதலாளி அக்காவை மூன்று மாதம் பார்க்கலாம் என்றுதான் எடுத்திருந்தார். மாதக் கடைசியில் ஃபோல்டர்களை ஒழுங்கு செய்கிற வேலையை அவருக்குக் கொடுத்தார். கடைக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். முடிந்த பச்சைகளை எடுத்துச் சேமிப்பில் போட வேண்டும், காலியான ஃபோல்டரை அழிக்க வேண்டும். வீடு கூட்டுகிற மாதிரி ஒரு வேலை. அக்காவும் மூலை முடுக்கு விடாமல் கூட்டினார்.

ஓர் ஃபோல்டரில் வந்து நின்றார்.

"தம்பி, இது காலியாத்தான் இருக்கு. அழின்னா மாட்டேங்குது. காலியில்லன்னு சொல்லுது."

பெயிண்டர் அப்போது மஞ்சளில் இருந்தார். மஞ்சள் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாய்வதாக அவருக்குச் சந்தேகம். அக்கா சொன்னது காதில் விழுந்ததும் விரல் ஒரு கணம் அப்படியே நின்றது. காலியாகத் தெரிகிறது, ஆனால் காலியில்லை என்கிறது. அது என்னவாக இருக்கும் என்று அந்தப் பட்டறையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். திரும்பினால் அந்த ஃபோல்டரைத் திறக்க வேண்டும், திறந்தால் சொல்ல வேண்டும். "ஏதாவது மறைவு ஃபைல் இருக்கும்க்கா, கம்ப்யூட்டர் தானா போடற குப்பை" என்றார், திரும்பாமலே. "மைனஸ் ஆர் சேர்த்துப் போடுங்க. உள்ள இருக்கறதோட சேர்த்துத் தூக்கிடும்."

"தூக்கிடுச்சு தம்பி!" என்றார் அக்கா, சந்தோஷமாக.

பெயிண்டர் மஞ்சளைச் சரி செய்தார். அது சரியாக வந்ததா என்று பிற்பாடு அவருக்கு ஞாபகமே இல்லை.

அடுத்த வாரம் ஒரு பஸ் டிரைவர் நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார். பழைய கண்ணாடியின் கால் உடைந்து நூலால் கட்டியிருந்தது. ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை. வாசலில் நின்று, ஆளை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"கடையில கேட்டா பட்டறையில கேளுங்கறாங்க. ஃபோன்ல கேட்டா லைன்ல இருக்குங்கறாங்க. லைன்னா எங்கிருந்து எங்க வரைக்குங்க?" என்று கேட்டார். கோபமில்லை. களைத்துப் போயிருந்தார். "முதல்ல ஒண்ணு குடுத்தீங்க. போட்டதும் ரோடு மேல ஏறி வந்துச்சு. திருப்பிக் குடுத்துட்டேன். வண்டியைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. டிப்போ வாசல்ல உட்கார்ந்து வர்ற பஸ் நம்பரை எழுதச் சொல்லியிருக்காங்க. நம்பர் எங்க தெரியுது? இன்ஜின் சத்தத்தை வெச்சுத்தான் எழுதறேன்." தானே சிரித்தார். அங்கே வேறு யாரும் சிரிக்கவில்லை.

பெயிண்டருக்கு அந்த ஆர்டர் நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று கடையின் இணைப்பு அறுந்துபோய், பவரை ஃபோனில் படித்துச் சொன்னார்கள். வலக் கண்ணை இடத்திலும், இடக் கண்ணை வலத்திலும் தட்டியிருந்தார். அந்த மனிதருக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

முதலாளி அந்தக் கடையின் ஃபோல்டரைத் தேடச் சொன்னார். ஃபோல்டரே இல்லை. பேக்கப்பில் பாருங்கள் என்றார். பேக்கப்பில் முடிந்த ஆர்டர்கள் மட்டும்தான் ஏறும். முடியாதவையும் ஏறினால் அந்தப் பட்டியல் முதலாளிக்குப் போகும் என்று அப்படி வைத்தவரும் பெயிண்டர்தான்.

"யார் அழிச்சது?"

"நான்தாங்க" என்றார் அக்கா. கேட்ட மறு நொடியே சொன்னார். பயம் இருந்தது, தயக்கம் இல்லை. "காலியா இருந்துச்சு. அதனாலதான் அழிச்சேன்."

"காலியா இருந்ததுன்னா இவரோட ஆர்டர் எங்கேம்மா போச்சு? பறந்தா போச்சு?"

"தெரியலைங்க. நான் பார்த்தப்ப ஒண்ணுமே இல்ல. சத்தியமா ஒண்ணுமே இல்ல."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தீங்களா, போடாம பார்த்தீங்களா?" முதலாளி கோபத்தில் சொன்னதுதான். அக்காவின் கை தன்னையறியாமல் மூக்கிலிருந்த கண்ணாடியைத் தொட்டது. முதலாளி பெயிண்டர் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே. காலியாவா இருந்துச்சு?"

கேள்வி நேராக அவரிடமே வந்து நின்றது. மெஷின் கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

"நான் கவனிக்கல சார்" என்றார் பெயிண்டர்.

அக்கா அவரைப் பார்த்தார். காட்டிக் கொடுக்கிற பார்வை இல்லை. 'மைனஸ் ஆர் போடச் சொன்னது நீங்கதானே' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தம்பி உதவிதானே செய்தார், அவரை எதற்கு இழுத்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. அந்தப் பெருந்தன்மைதான் பெயிண்டரை உட்கார்ந்த இடத்தில் வேக வைத்தது. திட்டியிருந்தால் கூட ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

டிரைவருக்கு மறுபடி கண் பார்த்து, மறுநாளே லென்ஸ் கொடுப்பதாக முதலாளி கை கூப்பி அனுப்பினார். பிறகு அக்காவிடம் குரலை இறக்கிச் சொன்னார். "உங்க மேல தனிப்பட்ட கோபம் இல்லம்மா. இது கண்ணு சம்பந்தப்பட்ட வேலை. இன்னியோட நிறுத்திக்கலாம்."

பகல் முழுக்கப் பெயிண்டர் ஒரு நிறத்தையும் தொடவில்லை. மெஷின்காரர், "அக்கா கூட்டச் சொன்னா கூரையையே கூட்டிட்டாங்க" என்று எட்டிப் பார்த்துச் சொன்னார். வழக்கமாகச் சிரிக்கிற இடம். பெயிண்டர் எழுந்து போய்க் குழாயில் கை கழுவினார். சாப்பிடாத கை. வந்து உட்கார்ந்து மறுபடி எழுந்து போய்க் கழுவினார்.

பிறகு செட்டிங் ஃபைலைத் திறந்தார். அந்த வரி இருந்தது. ரீடூ, முப்பது. பூச்சியத்தை எடுத்துவிட்டு ஒன்று போட்டால் சிவப்பு. தன் கம்ப்யூட்டரில் ஒரு நொடி, அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு நொடி, மற்றவற்றில் ஒவ்வொரு நொடி. அதோடு அங்கே கறுப்பு இருந்ததற்கு ஒரு தடயமும் இருக்காது. மற்ற ஃபோல்டர்களில் கிடக்கிற ஃபைல்கள் நேற்று வந்தவை மாதிரி எழுந்து நிற்கும், யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. பூச்சியத்தை அழித்தார். ஒன்றைத் தட்டினார். சேமிக்கிற விசைக்கு மேல் விரல் நின்றது. சேமிக்காமல் மூடினார். அவ்வளவு நல்லவராக இருப்பதற்குத்தான் அவருக்குத் தெம்பு இருந்தது. எழுந்து முதலாளி அறைக்குப் போகிற அளவுக்கு இல்லை.

சாயங்காலம் அக்கா மேசையைத் துடைத்தார். சாப்பாட்டு டப்பாவையும் கண்ணாடித் துணியையும் பையில் வைத்தார். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. பெயிண்டர் அருகில் வந்து நின்றார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்கக்கா."

"நிஜமாவே காலியா இருக்கற ஃபோல்டருக்கும், காலி மாதிரி இருக்கறதுக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிக்கறது? நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். அன்னிக்கு நான் நல்லாத்தான் பார்த்தேன். அடுத்த வேலைக்குப் போனா அங்கயும் இதே தப்பைப் பண்ணிடக் கூடாதுல்ல? எனக்குக் கண்ணு கெட்டுப் போச்சோன்னு கூட பயமா இருக்கு தம்பி."

பெயிண்டர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்தார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அக்காவைத் தாண்டி, தடுப்பைத் தாண்டி, முதலாளி அறை வாசலில் போய் நின்றார். "சார், அக்கா கம்ப்யூட்டர் வரைக்கும் கொஞ்சம் வாங்க."

"என்னய்யா, இன்னும் எதையாவது அழிச்சிட்டாங்களா?"

"வாங்க சார்."

முதலாளி வந்தார். அவர் வருகிற வேகத்தைப் பார்த்து மெஷின்காரரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அக்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பெயிண்டர் அக்காவின் நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே குனிந்து, வேறொரு கடையின் ஃபோல்டருக்குள் போனார். எல், எஸ். திரையில் ஒன்றும் வரவில்லை.

"காலி" என்றார் முதலாளி.

"காலிதான்" என்றார் மெஷின்காரர்.

"இப்படித்தாங்க இருந்துச்சு!" என்றார் அக்கா.

பெயிண்டர் மவுஸைப் பிடித்தார். அந்த வெறும் கறுப்பின் மேல் மூலையில் வைத்து அழுத்தி, மெல்லக் கீழே இழுத்தார். தேர்ந்தெடுத்த இடம் வெளிர்சாம்பல் பட்டையாக மாறிக்கொண்டே இறங்கியது. அதன் மேல் கறுப்பு எழுத்துகள் ஒவ்வொரு வரியாக எழுந்தன. ஒரு பெயர். இன்னொரு பெயர். ஓர் ஆசிரியை. ஒரு பள்ளிப் பிள்ளை. ஒவ்வொன்றின் கடைசியிலும் ரீடூ.

"இந்தக் கறுப்பைப் போட்டது யாரு?" என்றார் முதலாளி.

பெயிண்டர் திரும்பவில்லை. எங்காவது ஒரு முறை சொடுக்கினால் அத்தனை பெயரும் மறுபடி மறைந்துவிடும். மவுஸிலிருந்து கையை மெதுவாக எடுத்து, அந்தக் கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.